லியோன் மைதானத்தின் நடுவட்டம்: மார்க்-விவியன் ஃபோயேயின் வாழ்வும் அவரது இருதயமும்

2003ஆம் ஆண்டு ஆனி மாதம் 26ஆம் திகதி. பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள ஜெர்லான் மைதானம். கொன்ஃபெடரேசன் கிண்ண அரையிறுதியில் கமரூனும் கொலம்பியாவும் ஆடிக்கொண்டிருந்தன. கமரூன் ஒரு கோலால் முன்னிலையில் இருந்தது. 72ஆவது நிமிடத்தில் மைதானத்தின் நடுவட்டத்தில், பந்தும் அருகில் இல்லாமல், எதிரணி வீரர் எவரும் தொடாமல், ஆறடியைத் தாண்டிய ஒரு மனிதர் அப்படியே சரிந்து விழுந்தார். அவர் பெயர் மார்க்-விவியன் ஃபோயே. வயது 28.

அந்த ஒளிப்பதிவை அன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எவரும் அதை இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த 72ஆவது நிமிடத்தை மட்டும் வைத்து அவரை நினைவுகூர்வது நியாயமில்லை. அதற்கு முன் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. அந்த வாழ்க்கை முழுவதும் அவருடைய நெஞ்சுக்குள் ஒருவரும் அறியாத ஒரு விடயமும் கூடவே இருந்தது.

ஃபோயே 1975ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி கமரூனின் தலைநகர் யாவுண்டேயில் பிறந்தார். யாவுண்டேயின் கனோன் கழகம் ஆபிரிக்க உதைபந்தாட்டத்தில் பழைய, பெரிய பெயர். அந்தக் கழகத்துக்கு ஆடுவது அந்த ஊர்ப் பொடியன்களுக்கு ஒரு கனவு. ஃபோயே பதின்ம வயது முடியுமுன்னரே அங்கு இடம்பிடித்துவிட்டார். 1990ஆம் ஆண்டு உலகக்கிண்ணத்தில் கமரூன் காலிறுதி வரை போய் உலகத்தை அதிரவைத்திருந்த காலம் அது. றொஜே மில்லா கொடிக்கம்பத்தருகே ஆடிய ஆட்டத்தை எங்கள் ஊர்களில் மின்சாரம் இல்லாத காலத்திலும் பத்திரிகைப் படத்தில் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக்கிண்ணத்தில், 42 வயது மில்லாவும் 19 வயது ஃபோயேயும் ஒரே அணியில் இருந்தார்கள். கமரூனுக்கு அது நல்ல சுற்றுப்போட்டியாக அமையவில்லை. ரஷ்யாவிடம் 6-1 என்று தோற்று வெளியேறியது. ஆனாலும் மூன்று ஆட்டங்களிலும் ஆடிய அந்த உயரமான நடுக்கள இளைஞனை ஐரோப்பியக் கழகங்கள் கவனித்துக்கொண்டன. அதே வருடம் பிரான்ஸின் வடக்கிலுள்ள லென்ஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

லென்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அந்த ஊருக்கு மிஞ்சியிருந்த பெருமை உதைபந்தாட்டம்தான். அங்கே ஃபோயே ஐந்து பருவகாலங்கள் இருந்தார். எதிரணியின் பந்தைப் பறிப்பது, பறித்ததை அமைதியாகப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பது, மறுபடி ஓடுவது. இதுதான் அவர் வேலை. கோல் போடுபவனைத்தான் பத்திரிகை படம் பிடிக்கும். ஆனால் இப்படி ஒருவன் நடுவில் நின்றால்தான் மற்றவர்கள் நிம்மதியாகக் கோல் போடலாம் என்பது மைதானத்தில் இறங்கி ஆடியவர்களுக்குத் தெரியும். 1998ஆம் ஆண்டு லென்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக பிரெஞ்சு லீக் கிண்ணத்தை வென்றது. மெட்ஸ் கழகத்துடன் சம புள்ளிகளில் நின்று, கோல் வித்தியாசத்தில் வென்ற கிண்ணம் அது. அந்த அணியின் முதுகெலும்புகளில் ஃபோயேயும் ஒருவர்.

அந்த வருடமே அவருக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றாக வந்தன. மன்செஸ்டர் யுனைற்றட் அவரை வாங்க முயன்றது. 1998 உலகக்கிண்ணத்துக்கு கமரூன் அணியுடன் பயிற்சி முகாமில் இருந்தபோது கால் முறிந்தது. உலகக்கிண்ணமும் போயிற்று, மன்செஸ்டர் வாய்ப்பும் கைநழுவியது. ஆனால் அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1999ஆம் ஆண்டு தொடக்கத்தில் லண்டனின் வெஸ்ட் ஹாம் கழகம் 42 இலட்சம் பவுண் கொடுத்து அவரை வாங்கியது. அன்றைக்கு அந்தக் கழகம் ஒரு வீரருக்குக் கொடுத்த ஆகக்கூடிய தொகை அது. அடுத்த வருடம் மறுபடி பிரான்ஸ், லியோன் கழகம். அங்கே போனதும் மலேரியா பிடித்துக்கொண்டது. காய்ச்சலிலிருந்து மீண்டு வந்து, 2002ஆம் ஆண்டு லியோன் முதன்முறையாக லீக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். பருவகாலத்தின் கடைசி நாளில் லியோன் தோற்கடித்துக் கிண்ணத்தைப் பறித்தது யாரிடமிருந்து என்றால், அவரது பழைய கழகமான லென்ஸிடமிருந்து.

நாட்டுக்காக ஆடியதும் குறைவில்லை. 2000ஆம் ஆண்டும் 2002ஆம் ஆண்டும் கமரூன் ஆபிரிக்கக் கிண்ணத்தை அடுத்தடுத்து வென்றது. இரண்டு இறுதியாட்டங்களும் பெனால்ற்றி உதையில் முடிந்தவை. 2000ஆம் ஆண்டு இறுதியாட்டம் நைஜீரியாவின் லாகோஸ் நகரத் தேசிய மைதானத்தில், நைஜீரியாவுக்கு எதிராகவே நடந்தது. அந்த மைதானத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதினொரு வருடத்துக்கு முன் நடந்த ஒரு மரணத்துக்கு இந்தக் கட்டுரையில் மறுபடி வரவேண்டியிருக்கிறது.

2002-03 பருவகாலத்தில் லியோன் அவரை மன்செஸ்டர் சிற்றி கழகத்துக்கு இரவலாகக் கொடுத்தது. சிற்றி அன்று இன்றைய பணக்காரக் கழகம் அல்ல. கீழ்ப்பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்தது. கெவின் கீகன் முகாமையாளர். ஃபோயே அந்தப் பருவகாலத்தில் லீக் ஆட்டங்களில் 9 கோல்கள் போட்டார். கோல் போடுவது தொழிலாக இல்லாத ஒரு நடுக்கள வீரருக்கு அது பெரிய எண்ணிக்கை. 2003 ஏப்ரல் 21ஆம் திகதி சண்டர்லண்ட் அணிக்கெதிராக இரண்டு கோல்கள். சிற்றியின் பழைய மைதானமான மெயின் றோட்டில் அந்தக் கழகம் போட்ட கடைசிக் கோல் அதில் ஒன்று. அடுத்த மாதத்துடன் அந்த மைதானம் மூடப்பட்டது. எண்பது வருட மைதானத்தின் கடைசிச் சொந்தக் கோல் யாவுண்டேக்காரர் ஒருவருடையது.

இத்தனை வருடமும், இத்தனை கழகங்களிலும், இத்தனை வைத்தியர்களின் முன்னும் அவர் சட்டையைக் கழற்றி நின்றிருப்பார். நாடித்துடிப்பு பார்த்திருப்பார்கள். இரத்த அழுத்தம் பார்த்திருப்பார்கள். ஓடச்சொல்லி மூச்சை அளந்திருப்பார்கள். கால் எலும்பை எத்தனை தடவை படம் பிடித்திருப்பார்கள். அவருடைய இருதயத்தின் சுவர் இருக்கவேண்டியதைவிடத் தடித்திருந்தது என்பது மட்டும் அவர் உயிரோடிருந்த காலத்தில் வெளியே தெரியவரவில்லை.

ஹைபர்ற்றோபிக் கார்டியோமயோபதி என்பது அந்த நோயின் பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, விடயம் விளங்கக் கடினமில்லை. இருதயம் ஒரு தசைப்பை. இரத்தத்தை உடலுக்குத் தள்ளும் இடது கீழறையின் சுவர் சிலருக்குப் பிறவியிலேயே கடத்தப்படும் மரபணுக் கோளாறினால் அளவுக்கு மீறித் தடிக்கிறது. தசைநார்கள் ஒழுங்காக அடுக்கிய பன்னோலை போல இல்லாமல் கண்டபடி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். இருதயத்தைத் துடிக்கவைக்கும் மின்னோட்டம் அந்தக் குழம்பிய தசைக்குள் புகும்போது வழிதவறக்கூடும். வழிதவறினால் இருதயம் துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். நடுங்கும் இருதயம் இரத்தத்தைத் தள்ளாது. சில விநாடிகளில் மூளைக்கு இரத்தம் நின்று மனிதன் விழுந்துவிடுவான். நாங்கள் வழமையாக மாரடைப்பு என்று சொல்வது இதுவல்ல. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடுகிறது. இங்கே குழாய் நன்றாகவே இருக்கும், மின்சாரம்தான் பிழைக்கும்.

இந்த நோய் அபூர்வமானதும் அல்ல. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் பொதுவான கணக்கு. பெரும்பாலானவர்கள் எந்தக் கரைச்சலும் இல்லாமல் முதுமை வரை வாழ்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் வரும். இன்னும் சிலருக்கு முதல் அறிகுறியே மரணம். தாய் அல்லது தந்தைக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

அந்த ஆனி மாதம் பிரான்ஸில் கடும் வெக்கை. கமரூன் முதல் ஆட்டத்தில் பிரேசிலை 1-0 என்று தோற்கடித்தது. துருக்கியையும் வென்றது. இரண்டு ஆட்டங்களிலும் ஃபோயே ஆடினார். அரையிறுதி உறுதியாகிவிட்டதால் அமெரிக்காவுடனான ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு. இடையில் வயிற்றோட்டத்தால் அவதிப்பட்டிருந்தார் என்றும், அரையிறுதியில் களைத்துத் தெரிந்ததால் அவரை மாற்றப் பயிற்றுநர் யோசித்தார் என்றும் பின்னர் செய்திகள் வந்தன. அவர் தொடர்ந்து ஆடினார். ஜெர்லான் அவரது சொந்தக் கழகத்தின் மைதானம். அந்தப் புல்லின் ஒவ்வொரு அங்குலமும் அவருக்குத் தெரியும்.

விழுந்தவரை ஸ்ரெச்சரில் வெளியே தூக்கிச் சென்றார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தார்கள், ஒட்சிசன் கொடுத்தார்கள். மைதானத்தின் வைத்திய அறையில் சுமார் 45 நிமிடங்கள் இருதயத்தை மறுபடி இயக்கப் போராடினார்கள். வெளியே ஆட்டம் முடிந்து, கமரூன் இறுதியாட்டத்துக்குத் தகுதிபெற்ற பின்னரே சக வீரர்களுக்கு விடயம் தெரிந்தது.

முதல் பிரேத பரிசோதனையில் காரணம் தெளிவாகவில்லை. இரண்டாவது பரிசோதனையில்தான் இருதயத் தசைத் தடிப்பு நோய் உறுதியானது. இந்த இரண்டாவது பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது நடந்திராவிட்டால் வெக்கை, களைப்பு, ஊக்கமருந்து, இன்னும் என்னென்னவோ கதைகள் இன்றுவரை உலாவிக்கொண்டிருக்கும். காரணம் தெரிந்தபடியால்தான் உதைபந்தாட்ட உலகம் ஏதாவது செய்யவேண்டியிருந்தது.

அன்றிரவே பாரிஸில் பிரான்ஸுக்கும் துருக்கிக்குமான மற்றைய அரையிறுதி. கோல் போட்ட தியரி ஹென்றி வானத்தை நோக்கி விரலைக் காட்டினார். மூன்று நாட்கள் கழித்து இறுதியாட்டத்துக்கு முன் பிரான்ஸ் அணித்தலைவர் மார்செல் தெசாயியும் கமரூன் அணித்தலைவர் றிகோபேர் சோங்கும் ஃபோயேயின் பெரிய படமொன்றைச் சேர்ந்து பிடித்தபடி நின்றார்கள். மேலதிக நேரத்தில் ஹென்றி போட்ட கோலால் பிரான்ஸ் வென்றது. யாவுண்டேயில் அரச மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. மன்செஸ்டர் சிற்றி அவர் அணிந்த 23ஆம் இலக்கச் சட்டையை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. லென்ஸ் 17ஆம் இலக்கத்தை அப்படியே செய்தது. மைதானத்துக்கு அருகே ஒரு வீதிக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

இனி லாகோஸ் மைதானத்துக்கு வருவோம். 1989 ஆகஸ்ட் 12ஆம் திகதி நைஜீரியாவும் அங்கோலாவும் உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் மோதின. நைஜீரியாவின் சாமுவேல் ஒக்வராஜி ஒரு சட்டத்தரணி. இத்தாலியின் றோம் நகரில் சர்வதேசச் சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் விழுந்து இறந்தார். வயது 25. அவரது இருதயம் பெருத்திருந்ததும், இரத்த அழுத்தம் உயர்ந்திருந்ததும் பிரேத பரிசோதனையில் தெரியவந்தன. ஆபிரிக்கா அழுதது, அவருக்குச் சிலையும் வைத்தது. உலகம் கவனிக்கவில்லை. ஃபோயே ஐரோப்பாவில், பெரிய சுற்றுப்போட்டியில், நேரடி ஒளிபரப்பில் இறந்ததால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. சாவுக்கும் இடம் பார்த்து மதிப்புப் போடும் இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதியதல்ல.

ஃபோயேயின் மரணத்துக்குப் பிறகு ஃபிஃபா மெதுவாக அசையத் தொடங்கியது. 2006 உலகக்கிண்ணத்திலிருந்து அணி வீரர்களுக்குப் போட்டிக்கு முன்னரான வைத்தியப் பரிசோதனை ஒரு ஒழுங்குக்குள் வந்தது. குடும்ப வரலாறு, உடற்பரிசோதனை, ஈ.சி.ஜி, எக்கோ ஸ்கான் ஆகியவை அதில் அடங்கும். சில வருடங்களில், மின்னதிர்ச்சி கொடுத்து இருதயத்தை மீட்கும் கருவி அடங்கிய அவசரப் பையை அங்கத்துவ நாடுகளின் சங்கங்களுக்கு அனுப்பியது. எவரும் தொடாமல் ஒரு வீரர் தானாக விழுந்தால் அது வேறொன்று என்று நிரூபிக்கப்படும்வரை இருதயம் நின்றதாகவே கருதவேண்டும் என்பது இன்று மைதான வைத்தியர்களின் முதற் பாடம்.

அந்தப் பாடத்தின் பலனை 2012ஆம் ஆண்டு லண்டனில் பார்த்தோம். போல்ற்றன் அணியின் ஃபப்றிஸ் முவாம்பா கொங்கோவில் பிறந்து, குடும்பத்துடன் அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். 23 வயதில் மைதானத்தில் விழுந்தார். அவரது இருதயம் 78 நிமிடங்கள் சுயமாக இயங்கவில்லை. ஆனால் விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள், மின்னதிர்ச்சி மேல் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார். 2021இல் கோப்பன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன் விழுந்ததும் எழுந்ததும் நேற்றுப் போல நினைவிருக்கும்.

ஆனால் 2016ஆம் ஆண்டு மே மாதம் றோமானியாவின் புக்கரெஸ்ற்றில் இன்னொரு கமரூன் வீரர், பத்ரிக் எகெங், மாற்று வீரராக உள்ளே வந்து ஏழு நிமிடத்தில் விழுந்து இறந்தார். வயது 26. மைதானத்துக்கு வந்த அம்புலன்ஸில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்பது அந்நாட்டில் விசாரணைக்குரிய விடயமானது. எகெங்கும் யாவுண்டேயில் பிறந்தவர். ஃபோயே இறந்தபோது அவருக்கு 13 வயது.

ஆக இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, விழுமுன் கண்டுபிடிப்பது. மற்றது, விழுந்தபின் காப்பாற்றுவது. முதலாவதைப் பற்றி மருத்துவ உலகத்துக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் உண்டு. இத்தாலி 1982இலிருந்து போட்டி விளையாட்டில் ஈடுபடும் எல்லோருக்கும் ஈ.சி.ஜி உட்பட்ட பரிசோதனையைச் சட்டமாக்கியது. அந்நாட்டின் வெனெற்றோ பிராந்தியத்தில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இருதய மரணம் 1979க்கும் 2004க்கும் இடையில் 89 வீதம் குறைந்ததாக ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொல்கிறது. இஸ்ரேலும் 1997இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே பின்னர் பார்த்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. ஈ.சி.ஜி நல்ல கருவி. ஃபோயேக்கு இருந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேரின் ஈ.சி.ஜியில் ஏதாவது ஒரு பிசகு தெரியும். ஆனால் கடும் பயிற்சி செய்பவரின் ஆரோக்கியமான இருதயமும் சில வேளை நோய் போலவே கோடு கீறும். கறுப்பின விளையாட்டு வீரர்களிடம் இது இன்னும் அதிகம். வெள்ளையர்களை வைத்து எழுதிய அளவுகோலால் ஆபிரிக்க இளைஞனை அளந்தால், நோய் இல்லாதவனுக்கு நோய் என்று சொல்லி அவன் பிழைப்பையே கெடுத்துவிடலாம். வறிய நாட்டில் அந்த ஒரு ஒப்பந்தம்தான் முழுக் குடும்பத்தின் சோறு. ஆகவே கோட்டை வாசிக்கத் தெரிந்த வைத்தியர் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கிவைத்துப் பிரயோசனமில்லை.

அப்படியானால் எங்கள் போன்ற இடங்களில் என்ன செய்யலாம்? 2024ஆம் ஆண்டு கிழக்கில் ஒரு பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தபோது இந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்கான காரணத்தை நான் இங்கே ஊகிக்கப் போவதில்லை. ஆனால் தை, மாசி வந்தால் வெயிலில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் பிள்ளைகளிடம் நாங்கள் என்ன கேட்கிறோம்? பெற்றோரின் கையொப்பம் ஒன்று. பல இடங்களில் அவ்வளவுதான்.

செலவில்லாமல் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்தாயா? நெஞ்சு வலித்ததா? மற்றப் பிள்ளைகளைவிட உனக்கு மட்டும் அதிகமாக மூச்சு வாங்குகிறதா? காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா? வெயிலில் நிற்கும்போது தலை சுற்றுவது வேறு. ஓட்டத்தின் நடுவில் மயங்குவது வேறு. இரண்டாவது நடந்திருந்தால் அந்தப் பிள்ளையை வைத்தியர் பார்த்து, ஈ.சி.ஜியும் தேவையென்றால் எக்கோவும் எடுக்கும்வரை ஓடவிடக் கூடாது. எங்கள் அரச வைத்தியசாலைகளில் இவற்றுக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. தூரமும் காத்திருப்பும்தான் பிரச்சினை.

இன்னுமொரு கேள்வி இருக்கிறது. உலகம் முழுவதும் பாவிக்கும் படிவங்களில் இருக்கும் கேள்வி: குடும்பத்தில் எவராவது 50 வயதுக்கு முன் திடீரென இறந்தார்களா? வன்னியில் ஒரு தாயிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். இளவயதுச் சாவு இல்லாத வீடு எங்கே இருக்கிறது? செல்லில் போனவர், பதுங்குகுழியில் மருந்தில்லாமல் போனவர், கொண்டுபோய் இன்றுவரை திரும்பாதவர். இருதயத்தில் நோய் இருந்த ஒரு தகப்பன் அந்த நோய் வெளிக்காட்டுமுன் 2009இல் இறந்திருந்தால், அவர் பிள்ளையின் படிவத்தில் அந்தத் தகவல் ஒருபோதும் வராது. முகாமில் ஒருநாள் காலையில் எழும்பாமலே போன சித்தப்பாவுக்கு என்ன நடந்தது என்று பிரேத பரிசோதனை செய்து பார்த்தவர் யார்? பழைய கிளினிக் கொப்பிகள் இடப்பெயர்வில் எங்கே விழுந்தனவோ. மற்ற நாட்டுப் பிள்ளைக்குக் குடும்ப வரலாறு ஒரு பாதுகாப்பு. எங்கள் பிள்ளைக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வெறுமையாக இருப்பதை இல்லை என்று நிரப்பிவிடக் கூடாது. தெரியாது என்றே எழுதவேண்டும். அப்படி எழுதிய பிள்ளைகளுக்குத்தான் ஈ.சி.ஜி இன்னும் அவசியம்.

இனியாவது, ஒரு இளம் உயிர் காரணமில்லாமல் போனால், உடலை வெட்டவேண்டாம் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதைப் பற்றி யோசிக்கவேண்டும். அந்தத் துயரத்தில் அப்படிக் கேட்பது இயல்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஃபோயேயின் இருதயத்தை இரண்டாவது தடவை பார்த்தபடியால்தான் உண்மை தெரிந்தது. இறந்தவரின் சகோதரர்களும் பிள்ளைகளும் உயிரோடிருக்கிறார்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் இருதயத்தை விசேடமாகப் பார்க்கும்படி கேட்க உறவினர்களுக்கு வாய் இருக்கவேண்டும். பரம்பரை நோய் என்று தெரிந்தால் மற்றவர்களை உடனே பரிசோதிக்கலாம்.

வறிய நாடுகளில் பரம்பரை நோய் மட்டும் காரணமும் அல்ல. சிறுவயதில் வரும் தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது ருமாற்றிக் காய்ச்சலாக மாறி இருதய வால்வுகளைப் பழுதாக்கும். பணக்கார நாடுகளில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. நெரிசலான வீடுகளும் முகாம்களும் உள்ள இடங்களில் மறையவில்லை. பென்சிலின் ஊசியை மாதாமாதம் தவறாமல் போட்டால் மேலும் பழுதாகாமல் தடுக்கலாம். வைரஸ் காய்ச்சலும் டெங்குவும் சில வேளை இருதயத் தசையை அழற்சியடையச் செய்யும். காய்ச்சலோடு விளையாடுவது வீரம் அல்ல. கழகத்தின் மானம் போய்விடும் என்று பனடோல் இரண்டைப் போட்டுவிட்டு அரையிறுதிக்கு இறங்கும் பொடியன்களை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து பழைய கழகச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கும் 40 வயதுக்காரருக்கு ஆபத்து வேறு வகை. அவர்களுக்குப் பெரும்பாலும் இரத்தக்குழாய் அடைப்பு. தெற்காசியர்களுக்கு அது மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது.

விழுந்தபின் செய்வது பற்றி. எங்கள் மைதானங்களில் ஒருவர் விழுந்து கை கால் இழுத்தால் உடனே வலிப்பு என்று முடிவுகட்டி, திறப்புக் கோர்வையைக் கையில் திணிப்பார்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வாயில் சோடா ஊற்றுவார்கள். இருதயம் நின்ற முதல் நிமிடத்தில் உடல் அப்படி இழுக்கக்கூடும். மீன் வாய் திறப்பது போல இடைக்கிடை மூச்சும் வரும். அது மூச்சல்ல. தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, ஒழுங்கான மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அழுத்தத் தொடங்கவேண்டும். வளர்ந்தவர் என்றால் ஐந்து சென்ரிமீற்றராவது கீழே போகவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒருவர் களைத்தால் மற்றவர் மாறவேண்டும், நிறுத்தக் கூடாது. இன்னொருவர் 1990க்கு அழைக்கவேண்டும். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு 2018இல் வந்தது. ஆனால் அது வந்துசேரும்வரை நிமிடங்களை எண்ணவேண்டும். ஒன்றும் செய்யாமல் நின்றால், மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் வரை குறைகிறது. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

மின்னதிர்ச்சிக் கருவி விலை கூடியது, உண்மைதான். ஒவ்வொரு பாடசாலைக்கும் வாங்கமுடியாது. ஆனால் மைதானத்துக்குப் பார்வையாளர் அரங்கு கட்டவும், கொட்டகைக்குத் தகரம் மாற்றவும், வெற்றிக்கிண்ணத்தை ஆளுயரத்துக்குச் செய்யவும் புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்களிடம் பணம் கேட்கிறோம். கோட்டத்துக்கு ஒரு கருவி வாங்கி, போட்டி நடக்கும் பாடசாலைக்கு அன்றைக்குக் கொண்டுபோகும்படி ஏற்பாடு செய்வது முடியாத காரியமல்ல. நெஞ்சழுத்தம் பழக்குவதற்கோ பணமே தேவையில்லை. முதலுதவிப் பயிற்சி தரக்கூடியவர்கள் மாவட்டம் தோறும் இருக்கிறார்கள். விளையாட்டு ஆசிரியரும், மூத்த மாணவர் பத்துப் பேரும் ஒரு சனிக்கிழமைக் காலையைக் கொடுத்தால் போதும்.

ஃபோயே உழைத்த பணத்தில் யாவுண்டேயில் பிள்ளைகளுக்கு ஒரு உதைபந்தாட்டப் பயிலகம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு அந்த வேலை நின்றுபோயிற்று. பத்து வருடம் கழித்து எடுத்த படங்களில் கட்டடங்களைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்தது. லியோன் கழகமும் அவரது 17ஆம் இலக்கத்தை எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. 2008ஆம் ஆண்டு அந்தக் கழகத்துக்குக் கமரூனிலிருந்து இன்னொரு நடுக்கள வீரர் வந்தார். ஜோன் மக்கூன் என்று பெயர். அவரும் யாவுண்டேக்காரர். ஃபோயேயின் நினைவாக அந்தச் சட்டையை அவருக்குக் கொடுத்தார்கள்.